காலியாகத் திரும்பிய பாத்திரங்கள்

ஆர்ஃபா கேடிஸ் எவர் வீட்டுப் பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுத்தவள் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மலையடிவாரத்து எங்கள் ஊரில், நோயோ சாவோ விழுந்த வீட்டுக்குப் பெண்கள் மூடிய பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோவார்கள். பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். திருப்பும்போது அதில் நாலு ஆப்பிளாவது இருக்க வேண்டும். காலியாகக் கொடுத்தால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம்.

ஆர்ஃபா நன்றாகத் தைப்பாள், சபையில் பாடுவாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு முன்பு அப்படி மறைத்ததில்லை.

அவள் புருஷன் ஹார்லன் கேடிஸ் மரமில்லில் மேலாளர். யாருக்கும் வேலையே கிடைக்காத 1930-களில் பாதி ஊரின் அடுப்பு அவன் தயவில் எரிந்தது. ஞாயிறுதோறும் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவனும் அவனே. ஆர்ஃபா பல நாள் சபைக்கு வரமாட்டாள். "அவளுக்குத் தலைவலி" என்று சொல்லிக்கொள்வோம். பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வருவதே நின்றுபோனது.

ஒரு காலையில் நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தாள். கடவுள் அழைத்துக்கொண்டார் என்றார் பாதிரியார். கடவுளுக்குக் கழுத்தை நெரிக்கும் இரும்புப் பிடி உண்டு என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட சாவுக்குச் சட்டப்படி ஊரார் ஆறு பேர் கூடிக் காரணம் சொல்ல வேண்டும். அவளுடைய சமையலறையிலேயே உட்கார்ந்தோம். விதைக்கடைக்காரர் கோய் பேக்வெல் தலைவர். முடிவெட்டுகிற நானும் ஒருவன். ஹார்லன் அடுப்போரம் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றான்.

"இருட்டுல கால் தவறியிருக்கும்" என்றார் கோய். "ஏற்கெனவே தலைவலிக்காரி. எழுதிடலாமா?"

"கழுத்துல விரல் தடம் இருக்கேய்யா" என்றேன். "படிக்கட்டுக்கு ஏது விரலு?"

"முடி வெட்டுறவன் முடிய மட்டும் பாரு. அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நமக்கு என்ன தெரியும்?"

மூலையில் நின்ற ஆர்ஃபாவின் தங்கை லூடி, பக்கத்து ஊரிலிருந்து சாவுக்கு வந்தவள், அலமாரியைத் திறந்தாள். உள்ளிருந்து பாத்திரங்களை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

"இது உங்க வீட்டுது, கோய் அண்ணே. இது மில்லுல வேலை பாக்குற இவரு வீட்டுது. இது பாதிரியார் வீட்டம்மா குடுத்தது. இந்த வீட்ல யாருக்கண்ணே காய்ச்சல்? எந்தப் புள்ள செத்துச்சு? ஒண்ணுமே தெரியாத வீட்டுக்கா இத்தனை கோழிக்கறி வந்துச்சு?"

அவரவர் மனைவியின் கையெழுத்தை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோய் அப்போதுதான் ஹார்லனை நிமிர்ந்து பார்த்தார். "கைய வெளிய எடு."

இரண்டு கையிலும் நகக்கீறல்.

அதன்பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. கொலை என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்த அவசரத்தில்தான் எனக்குச் சந்தேகம். நீதிக்காக எங்கள் ஊர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வழக்கு நடந்து ஹார்லன் ஆயுள் கைதியானான். "மந்தையில ஒரே ஒரு ஓநாய் புகுந்துடுச்சு" என்றார் பாதிரியார். ஒரே ஒரு ஓநாய் என்ற சொல் ஊருக்கு எவ்வளவு இனித்தது என்பதை என் கடை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் முகத்தில் பார்த்தேன்.

தீர்ப்பு வந்த வாரம் லூடி ஒரு தள்ளுவண்டியில் பாத்திரங்களோடு வந்தாள். என் கடைக்கு எதிர்வீடு கோயுடையது. அவர் மனைவி ஐமா வாசலுக்கு வந்தாள். பாத்திரத்தை வாங்கியவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"காலியாவா குடுக்கிற? துக்க வீட்டுப் பொண்ணாச்சேன்னு பேசாம விடுறேன்."

"கழுவித்தான் கொண்டாந்தேன், அக்கா. ரொப்பித் தர வேண்டியவ உசுரோட இல்ல."

"நாங்க என்ன பாவம் பண்ணோம், லூடி? சோறுதானே குடுத்தோம்?"

"ஆமா. அவன் அடுத்த தடவை அடிக்கிறவரைக்கும் அவ தாங்கணும்ல, அதுக்குக் குடுத்தீங்க."

லூடி வண்டியைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஐமா உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று பாத்திரத்தைக் கவிழ்த்து, தன் பெயர் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.