சங்கையா மாஸ்டர் வைத்த கேட்டல் பரீட்சை

ஒருவருக்கு ஒரு மொழி புரிகிறது என்று மற்றவர் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டதற்குப் பதில் சொன்னால் தெரியும் என்போம். பதில் சொல்லவே கூடாது என்று பழக்கப்பட்டவர் என்ன செய்வார்? வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்த வட்டாரத்திலேயே ஆங்கில ஆசிரியராக இருந்த சங்கையாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்ததாகத் தோன்றுகிறது. அவர் பெரிய மனிதர் அல்ல. மோசமானவரும் அல்ல. தன் ஆங்கிலத்தைப் பற்றி ஓயாமல் வெட்கப்பட்டவர். பிறகு வேறொன்றைப் பற்றி வெட்கப்பட நேர்ந்தது.

அவருடைய அம்மா ராசம்மாள் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். லயம் என்று சொல்லப்படும் தொழிலாளர் வீட்டு வரிசையில் அவர்களுக்கு ஒரே அறை. விடிகாலையில் ஆபீஸ் முன்னால் எல்லாரும் கூடி நிற்க, தோட்ட மேனேஜரான துரை வந்து அன்றைய வேலையை ஆங்கிலத்தில் சொல்வார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதைத் தமிழில் சொல்வார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் கங்காணி சொல்வதற்கு முன்பே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். புரிந்தால் தலையைக் குனிந்துகொண்டு நகர வேண்டும், அவ்வளவுதான். துரைக்கு நேராகப் பதில் சொன்னவளுக்கு "வாய் நீளுது" என்று பெயர் வரும். அன்று வேலை கிடைக்காது. சின்ன வயதில் சங்கையா ஒருமுறை துரையைப் பார்த்து "குட்மார்னிங்" என்றபோது, ராசம்மாள் அவருடைய பிடரியில் கைவைத்துத் தலையைக் குனிய வைத்தாள்.

மதுரையில் கல்லூரிக்குப் போனபோது வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்த விதத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தது. பாதியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார் விரிவுரையாளர். அன்று முதல் அவர் இலக்கணத்தின் பக்கம் போனார். இலக்கணத்தை உரக்கப் படிக்க வேண்டியதில்லை. எழுத்தில் அவரிடம் பிழை காண்பது கடினம். ஊர் திரும்பி ஆசிரியர் ஆனபின் வகுப்பில் ஆங்கிலத்தைக் கரும்பலகையில் எழுதுவார். பேசுவதைத் தமிழிலேயே வைத்துக்கொள்வார்.

எழுபத்து நான்காம் வருடம் தோட்ட ஆஸ்பத்திரி, தோட்டத்துப் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சி தரப்போவதாக அறிவித்தது. பயிற்சி ஆங்கிலத்தில். ஆகவே வருகிறவர்களுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், இலக்கணப் பிழையில்லாமல் எழுதவும், வாசித்துப் பொருள் அறியவும் தெரிகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும் என்றார் மலையாளியான டாக்டரம்மா. சோதிக்கும் வேலை சங்கையாவிடம் வந்தது.

லயத்தில் இருந்து கொழுந்து கிள்ளும் மூக்கம்மாளின் மகள் வேலுத்தாய்க்கு அது வெறும் பரீட்சை இல்லை. மூக்கம்மாளுக்கு அந்த வருடத்தோடு வேலைக்காலம் முடிகிறது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது தோட்டத்துப் பதிவில் இருந்தால்தான் லயத்து அறை நிற்கும். பயிற்சிக்குத் தேர்வானால் வேலுத்தாயின் பெயர் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறும்; அதுவும் தோட்டத்துப் பதிவுதான். தேறாவிட்டால் அம்மாவின் கூடையை அவள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கையா கவனமாகவே வினாத்தாள் எழுதினார். இலக்கணமும் வாசிப்பும் எழுத்துப் பரீட்சைகள். கேட்டல் பரீட்சைக்கு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு மூன்று வாக்கியங்கள் வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும். முழு வாக்கியத்தில் வாயால் பதில் சொன்னால்தான் மதிப்பெண் என்று விதியையும் அவரே எழுதினார். கேள்விகளை வாசிக்க வேண்டியவரும் அவர்தான். ஆனால் தன் உச்சரிப்பு மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. டாக்டரம்மா வேறு பக்கத்தில் இருந்து கேட்பார். ஆகவே சங்கையா துரையிடம் போய், "நீங்கள் வாசித்தால் நல்ல ஆங்கிலம் அவர்கள் காதில் விழும்" என்றார். துரைக்கும் அது பிடித்திருந்தது.

ஆபீஸ் முன்னறையில் பரீட்சை நடந்தது. எழுத்துத் தாள்களை அன்று காலையே திருத்திவிட்டார். இரண்டிலும் வேலுத்தாய்தான் முதல். மதியம் கேட்டல் பரீட்சை. ஆபீஸ் ஊழியர்கள் குடியிருக்கும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த கிளார்க்கின் மகள் முதலில் வந்தாள். துரை பங்களாவுக்குப் போய்வந்து பழகியவள். கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். அடுத்து லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். துரை வாசித்தார். அவர்கள் தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேலுத்தாய் வந்தபோது வெளியே மழை; அறை ஜன்னல் திறந்தே கிடந்தது. துரை தாளைப் பார்த்து வாசித்தார்: ஜன்னல் திறந்திருக்கிறது, மழை உள்ளே அடிக்கிறது, இப்போது நீ என்ன செய்வாய்?

 அவள் நேராகப் போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். திரும்பி வந்து பழைய இடத்தில் தலையைக் குனிந்து நின்றாள்.

துரை சிரித்துவிட்டார். "நல்ல பெண். ஆனால் பதில் எங்கே, மாஸ்டர்?" என்றார்.

அந்தத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது பதில்தான் என்று தெரியும். துரை ஆங்கிலத்தில் சொன்னால் சொன்னதைச் செய்வார்கள். திருப்பிப் பேச மாட்டார்கள். சங்கையாவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவர் விதியைப் பார்த்தார். பூஜ்யம் போட்டார். மீதிக் கேள்விகளுக்கும் அவள் நின்றபடியே நின்றாள். அவற்றுக்கும் பூஜ்யம்.

மூன்றிலும் தேற வேண்டும் என்பது நிபந்தனை. கிளார்க்கின் மகளும் குவார்ட்டர்ஸிலிருந்து இன்னும் இருவரும் தேர்வானார்கள்.

மறுநாள் மாலை அவர் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தாண்டிப் போனபோது மூக்கம்மாள் கூடையை இறக்கிவிட்டு எதிரே வந்தாள்.

"சாரே, ஒரு சங்கதி. எம்மவளுக்கு இங்கிலீசு காதுல ஏறலன்னு எழுதிட்டீகளாமே?"

"அப்படி எழுதலக்கா. பதில் சொல்லல..."

வரிசையில் நின்றவள் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "காதுல ஏறாமலா சன்னல சாத்துனா? காத்து வந்து சாத்திருச்சுன்னு எழுதியிருப்பாரு சாரு!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"ஏய், சும்மா கெடங்கடி. படிச்ச மனுசன்," என்று அவர்களை அதட்டிவிட்டு மூக்கம்மாள் திரும்பினாள். "வீட்ல கேட்டேன், ஏண்டி வாயத் தொறக்கலன்னு. தொரை முன்னால எப்படிம்மா தொறக்கன்னு அழுவுதா. நீங்களும் இந்த லயத்துல பொறந்த ஆளுதான. ஒங்களுக்குமா தெரியல?"

"ரூல் அப்படி இருக்குக்கா."

"ரூலு யாரு போட்டது?"

அவர் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டாள். "சரி, போங்க. மழை வருது," என்றாள்.

அன்றே அவர் பங்களாவுக்குப் போனார். அந்தப் பெண் பதில் சொன்னாள், நான்தான் தவறாக மதிப்பிட்டேன் என்று சொல்வதற்காகத்தான் போனார். ஏறும் வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். துரை நல்லவிதமாகவே பேசினார். டீ வரவழைத்தார். "என்ன மாஸ்டர், பரீட்சையில் ஏதாவது குறையா?" என்று கேட்டார்.

அடுக்கிவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. தலை குனிந்தது. "நோ சார்," என்றார்.

"எல்லாம் நியாயமாக நடந்ததுதானே?"

"எஸ் சார்."

வீட்டில் மனைவி சாந்தம்மாள் காத்திருந்தாள். "சொன்னீகளா?"

"தொரை ரொம்ப பிசி. பார்க்க முடியல."

"பாக்க முடியாதவருதான் டீ குடுத்து அனுப்புனாரா? சட்டையெல்லாம் சிந்திக்கிட்டு வந்திருக்கீக."

அவர் சட்டையைக் கழற்றிப் போட்டார். அவள் அதை எடுத்து வாளியில் நனைத்தாள். 

வேலுத்தாய் கூடை எடுத்தாள். பள்ளிக்குப் போகும் பாதை மலைச்சரிவின் ஓரமாகத்தான் போகிறது. அவள் கொழுந்து கிள்ளும் வரிசை தெரிந்தால் சங்கையா சுற்றுவழியில், ஆற்றங்கரைப் பக்கமாகப் போனார். பள்ளிக்கு நேரம் கழித்து வருகிறார் என்று தலைமையாசிரியர் கேட்டபோது மூட்டு வலி என்றார். பயந்து சொன்ன ஒரு சொல்லை மறைக்க மனிதர் எத்தனை சொற்களைச் செலவு செய்கிறார்! பூஜ்யம் போட்டது பிழை. அதைப் பிழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளைப் போலவே வாய் மூடி நின்றது அதைவிடப் பெரிய பிழை. அவளுக்காவது ஜன்னலைச் சாத்தத் தோன்றியது.

அடுத்த வருடமும் பரீட்சை அறிவித்தார்கள். இந்த முறை ஆஸ்பத்திரி அறையில் வைத்துக்கொள்ளலாம், நானே வாசிக்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் மலையாளத்தில் சொன்னார். காரணம் கேட்டதற்கு, துரைக்கு வேலை அதிகம் என்றார். சரியான காரியத்தையும் ஒரு பொய்யின் உதவியோடுதான் அவரால் செய்ய முடிந்தது. இதைப் பாராட்டுவதா என்று தெரியவில்லை.

பிறகு மூக்கம்மாளின் அறைக்குப் போய் வாசலில் நின்றார். "வேலுத்தாய எழுதச் சொல்லுங்கக்கா. தோட்டத்துல பேர் இருந்தாலும் எழுதலாம்."

"போன வருசம் சன்னல சாத்துனா. இந்த வருசம் கதவையும் சாத்தணுமாக்கும்?"

"தொரை வர மாட்டாரு. நான்தான் வாசிக்கப் போறேன்."

உள்ளேயிருந்து வேலுத்தாய் கேட்டாள்: "நெசமாவா சார்?"

அவர் தலையசைத்தார். இருட்டில் அது அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

அவள் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்ததால் விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. எழுத்துத் தாள்களை அவள் நன்றாகவே எழுதினாள். கேட்டல் பரீட்சைக்குப் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே வந்து வழக்கம்போலத் தலையைக் குனிந்து நின்றாள்.

சங்கையா எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சுவரைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சார்?" என்றாள் வேலுத்தாய்.

மதுரையில் வகுப்பே சிரித்த அதே குரலில், அதே உச்சரிப்பில், அவர் முதல் கேள்வியை வாசித்தார்.  மறுபடி வாசித்தார். பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு தாழ்ந்த குரலில், முழு வாக்கியமாக, ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. அடுத்த கேள்விக்குச் சற்று உரக்க வந்தது. திரும்பிப் பார்க்காமலே அவர் மதிப்பெண் போட்டார். அந்த வருடம் பயிற்சிக்குப் போனவர்களில் வேலுத்தாயும் ஒருத்தி.

அன்று அவள் வெளியே போன பிறகும் அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்தபோதும் அப்படியே இருந்தார். அவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலில் வந்து நின்ற டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மாஸ்டர், சுவருக்கா பரீட்சை?"

சங்கையா தாள்களைச் சரிசெய்தார். சுவரைப் பார்த்தபடியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.