பாப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் திருப்போரூருக்கு மேற்கே ஓர் ஏரியை ஒட்டி இருக்கிறது. இங்கே யாரும் புகை போடுவதில்லை. கேட்டுப் பாருங்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சூளைக்காரர் செங்கல் வேக வைக்கிறார். எதிர் வீட்டு அக்கா கொசுவுக்கு வேப்பந்தழை போடுகிறார். பஞ்சாயத்து குப்பையை ஒழிக்கிறது. போகிக்கு டயர் கொளுத்துவது சம்பிரதாயம். எந்தக் காலத்து முன்னோர் டயர் வைத்திருந்தார்கள் என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டில் கிளம்பினால்தான் அது புகை. நம் வீட்டில் கிளம்பினால் அவசியம்.

தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்ததும் இந்த அவசியம் ஊருக்கே வந்துவிடும். அறுக்கும் மெஷின் நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வைக்கோலைக் கழனியிலேயே துப்பிவிட்டுப் போகிறது. தின்ன மாடு இல்லை. வைக்கோலைக் கட்டும் மெஷின்காரர், கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பார். அவருடைய நாளை எங்கள் பக்கம் வருவதே இல்லை. அடுத்த நடவுக்கு நாள் நெருங்கும். அப்புறம் என்ன, தீப்பெட்டிதான்.

என் மகளுக்கு ஏழு வயது. மூச்சு இழுப்பு உண்டு. போன தையில் அவளைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இனி பிள்ளையைப் புகையில் விட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் என்னைத் திட்டினார், ஏதோ நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தது போல. என் கணவரோ போனில் காற்றின் தரம் பார்ப்பவர். எங்கள் ஊர்க் காற்றை அளக்க இங்கே ஒரு கருவியும் கிடையாது. எங்கோ சென்னையில் அளந்ததைத்தான் அந்தப் போன் காட்டும். இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே பச்சை காட்டுகிறது, பயமில்லை என்பார்.

அதனால் இந்த வருஷம் அறுப்புக்கு முன்பே கணவரின் அண்ணனிடம் போனேன். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எங்கள் கழனியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு, பாப்பா என்றால் உயிர். சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அவர் வேலையே வைக்கவில்லை.

"பாப்பா இருக்கச் சொல்லோ எவனாச்சும் கொளுத்துவானா? நீ போம்மா, நான் பாத்துக்கறேன்."

பக்கத்துக் கழனிக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். அறுப்பு முடிந்தது. நாட்கள் போயின, ஒரு பொட்டுப் புகை இல்லை. வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் பாப்பாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தார்கள். எப்போது அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள் என்றும் சிலர் விசாரித்தார்கள். இப்பேர்ப்பட்ட ஜனங்களையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப்பட்டினத்தில் என் அம்மா வீட்டில் தம்பி மகனுக்குக் காது குத்து. காலையிலேயே கிளம்பிப் போனோம். பாப்பா கடற்கரையில் ஓடினாள். நின்று நின்று இருமாமல், மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக ஓடினாள். அந்தச் சந்தோஷத்தில் நான் கறிச்சோறு இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் ஊரைக் காணோம். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் எதிரே இருக்கும் டீக்கடைகூடத் தெரியவில்லை. காலடியில் ரோட்டோரக் கழனி கருகிக் கிடந்தது, ஏரிப் பாசனம் அத்தனையும் அப்படித்தானாம். பனி இறங்க ஆரம்பித்ததால் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துவிட்டது. பாப்பாவின் மூக்கையும் வாயையும் முந்தானையால் பொத்திக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் நுழைவதற்குள் அவள் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிட்டது.

மருந்து ஊற்றி, இழுப்புக்கான மெஷினைப் போட்டு, மாஸ்க்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் மாமா நிற்கிறார். முகத்தில் தப்பு செய்த களை இல்லை, ஏமாந்துபோன களைதான்.

"ராத்திரி தங்கிட்டு வருவீங்கன்னு நெனச்சோம்மா. பாப்பா இல்லாத நாளாப் பாத்துத்தான் எல்லாரும் ஒண்ணா வச்சோம்."

தனித்தனியாக வைத்தால் தை முழுக்கப் புகையும், பிள்ளை தாங்காது என்று ஊரே கூடிப் பேசி, அவள்மேல் வைத்த பாசத்தில் ஒரே நாளில் வைத்து முடித்திருக்கிறார்கள். எதிர் வீட்டு அக்கா பதறியடித்துக்கொண்டு வந்தார், இழுப்புக்கு நல்லது என்று ஓமம் போட்ட சாம்பிராணிக் கரண்டியோடு. கையெடுத்துக் கும்பிட்டு அவரை வாசலிலேயே நிறுத்தினேன். கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. யாரைத் திட்டுவது? அத்தனை பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் போலீசுக்காவது போயிருப்பேன்.

இழுப்பு கொஞ்சம் தணிந்ததும் மாமா தொண்டையைச் செருமினார். மேட்டுக் கழனியில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதாம். அடுத்து எப்போது புதுப்பட்டினம் போவோம் என்று கேட்டார். இனிமேல் எங்கேயும் போவதாக இல்லை என்றேன். மாமா யோசித்தார். பிள்ளைக்காக நிஜமாகவே யோசித்தார்.

"அப்போ பாப்பா ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கச் சொல்லோ வச்சிக்கலாமா?"

பள்ளிக்கூடம் ஏரியின் அக்கரையில்தான் இருக்கிறது, புகைக்கு அது ஒரு தூரமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

"ஸ்கூல்லயும் நான் மூச்சு வுடணும் பெரிப்பா" என்றாள். சொல்லிவிட்டு, மாஸ்க்கை மறுபடி அவளே மாட்டிக்கொண்டாள்.