கிணற்றடி ஆணியில் தொங்கிய தொப்பி

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், ராட்டினம் கட்டிய தூணில் ஓர் ஆணி இருந்தது. அதில்தான் என் அண்ணாவின் தோல் தொப்பி தொங்கும். காதை மூடி, தாடைக்குக் கீழே வாரால் இழுத்துக் கட்டிக்கொள்கிற, விமானம் ஓட்டுகிறவர்கள் போடும் தொப்பி. மெட்ராஸிலிருந்து அதை அவன் கொண்டுவந்த அன்றைக்கே, வீட்டுக்குப் பெரியவரான பெரியப்பா வாசலில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். செத்த மாட்டின் தோல் வீட்டுக்குள் வரக்கூடாது. அதைத் தலையில் வைத்தவன் குளித்துவிட்டு வரட்டும். பஜனைக்காகக் கூடத்தில் வைத்திருந்த மிருதங்கம் எதனால் செய்தது? பெரியப்பா ஜபத்துக்கு விரித்து உட்காருகிற மான் தோல் என்ன மரத்திலா காய்த்தது? கேள்வி என் வாய் வரை வந்துவிட்டது. அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

அண்ணா அப்போது ஏ லைசன்ஸ் வாங்கியிருந்தான். தன் ஆசைக்குப் பறக்க அது போதும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் பி லைசன்ஸ் வேண்டும். அதற்கு இன்னும் எத்தனையோ மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இருட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். திசை கணிப்பது, காற்று, மேகம், எஞ்சின் என்று பரீட்சைகள் வேறு. மெட்ராஸ் விமானக் கிளப்பில் அந்தப் பயிற்சிக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேறிவிட்டால் தபால் விமானத்தில் வேலை கிடைக்கும். எங்கள் ஊர்ச் சங்குமுகம் கடற்கரையில், ஆராட்டுக்குச் சுவாமி கடலில் நீராட எழுந்தருளுகிற மணலை ஒட்டித்தான் விமானம் இறங்கும் திடல். ஒருநாள் அங்கே தானே கொண்டுவந்து இறக்குவேன் என்பான். லீவில் வந்திருந்தவன் என்னைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கச் சொல்வான். கடற்காற்று பக்கவாட்டில் அடித்தால் விமானத்தின் மூக்கை எந்தப் பக்கம் திருப்புவாய் என்று கேட்பேன். உள்ளங்கையை விமானமாக்கிச் சாய்த்து, அம்மியின் மேல் மெல்ல இறக்கிக் காட்டுவான். அந்த முகத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அந்த லீவிலேயே அப்பா திடீரென்று போய்விட்டார். நான் பெண்; கர்மம் செய்ய அண்ணா ஒரே பிள்ளை. பதின்மூன்றாம் நாள் முடிந்து அவன் பெட்டியைக் கட்டினபோது பெரியப்பா கூடத்துக்குக் கூப்பிட்டு, வருஷம் முடிகிறவரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார். மெட்ராஸில் சாஸ்திரிகள் இருக்கிறார், மாசாமாசம் அங்கேயே மாசியம் செய்துவிடுகிறேன், ஒன்றும் விடமாட்டேன் என்று அண்ணா கெஞ்சினான். கேட்டதில் தப்பு என்ன? பெரியம்மா காலமான வருஷம் பெரியப்பாவின் மூத்த பிள்ளை பம்பாயில் உத்தியோகத்தில் இருந்துகொண்டே அத்தனையும் செய்யவில்லையா? பெரியப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"அப்பன் போன தலைவருஷத்திலே மலை ஏறப்படாது. பொன்முடி மலையே ஆகாதுன்னா, அதுக்கும் மேலே போறவனை என்னன்னு சொல்றது? ஆபீஸ் வேறே, ஆகாசம் வேறே. மனசிலாச்சா?"

இந்த நியாயத்தை எந்த சாஸ்திரத்தில் படித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வருஷம் பறக்காமல் இருந்தால் லைசன்ஸ் செத்துவிடும், இத்தனை மணி நேரம் ஓட்டினேன் என்று காட்டினால்தான் புதுப்பிப்பார்கள், கிளப்பில் என் இடத்தையும் வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அண்ணா பொறுமையாகச் சொன்னான். பெரியப்பா சிரித்தார். "நான் பி.ஏ. பாஸ் பண்ணி எத்தனை காலமாச்சு? இன்னிக்கும் பி.ஏ.தானேடா. பாஸானது எங்கே ஓடிப்போகும்?" என்றார். எங்கள் தெருவில் படித்தவர்கள் அத்தனை பேரும் அதையேதான் நம்பினார்கள். ஒருதரம் தேறிவிட்டால் சுவரில் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, ஆயுசு முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் அவர்களுக்குப் படிப்பு. அம்மாவும், "ஒரு வருஷம்தானேடா கண்ணா" என்றாள். புருஷனைப் பறிகொடுத்து மூலையில் உட்கார்ந்திருந்தவளை நான் என்ன சொல்ல? அண்ணா பெட்டியை அவிழ்த்தான்.

அந்த வருஷம் முழுக்க ஒரு குறையும் வைக்காமல் எல்லாம் செய்தான். ஒரு மாசியத்தன்று காக்கைக்குப் பிண்டம் வைத்துவிட்டு எல்லோரும் கொல்லையில் காத்திருந்தோம். காக்கைகள் இறங்குகிற நேரம் பார்த்துத் தபால் விமானம் தாழ்வாக வந்தது. சத்தத்தில் காக்கை மொத்தமும் பறந்துவிட்டது. அண்ணா, விரலில் தர்ப்பைப் பவித்ரத்தோடு, தன்னை மறந்து அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் ஒரு காக்கைகூடத் திரும்பவில்லை. "பார்த்தியா, உன் அப்பாவுக்கே உன் ஆகாசக் கப்பல் பிடிக்கலை" என்றார் பெரியப்பா. அப்பாதான் அவனை அந்தக் கிளப்பில் சேர்த்தவர். அது பெரியப்பாவுக்குத் தெரியாதா? அண்ணா தலையைக் குனிந்துகொண்டான்.

வருஷக் கடைசியில் வருஷாப்திகம் முடிந்த கையோடு மெட்ராஸ் போனான். லைசன்ஸ் காலாவதியாகியிருந்தது. அவன் இடத்தில் வேறொரு பையன் பயிற்சி முடித்து வேலைக்கே போய்விட்டான். மறுபடி சேர வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவனைப் பெரியப்பா சிபாரிசு செய்து சர்க்கார் ஆபீஸில் கணக்குப் பிரிவில் உட்கார்த்தி வைத்தார். அதைப் பெரிய உபகாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். யுத்தம் வந்து பைலட்டுக்கு ஆள் தேடினபோது, அண்ணாவின் மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது. தொப்பி கிணற்றடியிலேயே மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்துப்போனது. அதை எடுக்கவும் அவனுக்கு மனசில்லை, எறியவும் மனசில்லை.

யுத்தம் முடிந்த பிறகு நான் பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்திருந்தேன். பம்பாய்ப் பிள்ளை பெரியப்பாவுக்கு விமான டிக்கெட் அனுப்பியிருந்தான். தெருவே கூடி வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. தோலும் மலையும் ஆகாசமும் அப்போது யார் வாயிலும் வரவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் பெரியப்பா கொஞ்சம் தணிந்த குரலில் அண்ணாவிடம் கேட்டார். "மேலே போனா காது அடைக்குமாமே. உன் தொப்பி இருக்கோன்னோ?"

நானாக இருந்தால் அதைக் கிணற்றில் போட்டிருப்பேன். அண்ணா தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துவந்து, தேங்காயெண்ணெய் தடவித் தடவி இளக்கினான். பெரியப்பா தலையில் வைத்து, வாரைத் தாடைக்குக் கீழே சரியாக இழுத்து மாட்டினான். நடுக்கூடத்தில், மிருதங்கத்துக்குப் பக்கத்தில்.

பம்பாயிலிருந்து திரும்பிவந்த பெரியப்பா நாலு நாள் விடாமல் ஆகாசத்தைப் பற்றியே பேசினார். மேகம் கீழே பஞ்சுப்பொதியாகக் கிடந்ததாம், ஒரு ஆட்டம் இல்லையாம். கடைசியில் அண்ணாவைப் பார்த்து, "நல்ல தொழில்டா அது. நீ விடாம முயற்சி பண்ணியிருக்கணும். உனக்குப் பொறுமை போறாது" என்றார். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினான்.

இன்று இருவருமே இல்லை. தொப்பி என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. போன மாசம் பெரியப்பாவின் கொள்ளுப்பேரன் வந்திருந்தான். அதைப் பார்த்ததும், "கொள்ளுத்தாத்தா பிளேன்லே போட்டுண்டு போன தொப்பிதானே?" என்று ஆசையாகத் தொட்டான். அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் அதை அவன் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினேன்.

"இல்லை. இது என் அண்ணாவோடது. அவன் பைலட்."