மேசையில் ஒரு துரு வட்டம்

என் எழுத்து மேசையின் வலது ஓரத்தில் விளாம்பழ அகலத்துக்கு ஒரு துருக்கறை உண்டு. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று என் மனைவி முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் விடுவதில்லை. அங்கே பத்து நாள் ஒரு பீரங்கிக் குண்டு இருந்தது. அதைச் சங்ககிரியில் நான் திருடினேன். சரித்திர வாத்தியார் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். இல்லைதான்.

பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சேலத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், சங்ககிரி மலைக்கோட்டையை உச்சிவரை ஏறிப் பார்த்தேன். எந்தப் படை எந்தச் சரிவில் ஏறியிருக்கும், பீரங்கியை எங்கே நிறுத்தியிருப்பார்கள் என்று தலை நிறைய இதே யோசனை. மேலிருந்து பார்த்தால் செம்மண் காடு கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. அங்கே காடு என்றால் மரக்காடு இல்லை. மழையை நம்பிச் சோளமும் கடலையும் விதைக்கிற நிலம். இறங்கி அதன் வழியே ஸ்டேஷனுக்கு நடந்தபோது அந்த நிலத்துக்காரம்மாள் கூப்பிட்டார்.

“ஏனுங்க சாமி, இந்த வெயில்ல எங்க போறீங்க? மோர் குடிச்சுப்போட்டுப் போங்க.”

ஐம்பது வயதிருக்கும். ஆளைப் பார்த்ததும் உபசாரம், ஊர் பேரெல்லாம் பிறகுதான். சொம்பை வாங்கிக்கொண்டு வேலமர நிழலில் நின்றேன். காலடியில், வரப்பு ஓரமாக, ஏழு இரும்புக் குண்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாமே நனைந்திருந்தன. உழும்போது கிளம்பியவையாம். ஏரில் குண்டு தட்டினால் அந்தக் குடும்பத்தார் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், பழைய இரும்புக்கும் போட மாட்டார்கள். வரப்பில் வைத்து, தினமும் மதியச் சோற்றுக்கு முன்னால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கை தண்ணீர் வார்ப்பார்கள். அந்தக் காலத்துச் சண்டையில் அந்த மண்ணில் செத்தவர்களுக்காம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? செத்தவர்கள் எந்தப் பக்கத்துப் படை என்று கேட்டேன்.

“அத ஆருங்க கண்டது? எங்கிருந்தோ வந்து இங்க செத்தாங்க. தண்ணி கேக்காமயா செத்திருப்பாங்க?” என்றார். காலிச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “எம்பையன் பர்மாச் சண்டைக்குப் போயிருக்கறானுங்க. அங்க அவனுக்கும் ஆராச்சும் ஒரு வாய் தண்ணி குடுக்கோணுமில்லீங்க” என்றார்.

நன்றாகக் காதில் விழுந்தது. அப்படியும், அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நகர்ந்ததும், கடைசிக் குண்டைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்னும் ஆறு இருக்கிறதே, ஒன்று குறைந்தால் என்ன என்று தோன்றியது. படித்த புத்தி!

ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பீற்றிக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் மேசையில் கிடந்தது. பத்தாம் நாள் பேப்பரில், பர்மாவில் நம் சிப்பாய்கள் பலர் செத்த செய்தியைப் படித்தேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். குண்டை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் வரப்பில் குனிந்திருந்தார். ஆறு குண்டுகளுக்கும் வார்த்துவிட்டு, ஏழாவது இருந்த வெறும் பள்ளத்திலும் ஒரு கை வார்த்தார். பையிலிருந்து குண்டை எடுத்து நீட்டி, நான்தான் எடுத்தேன் என்றேன்.

“தெரியுமுங்க. உங்களை உட்டா இந்தக் காட்டுக்கு வேற ஆரு வந்தாங்க? குண்டு போனா என்னுங்க, செத்த ஆளு இங்கதான கெடக்கறான்.”

பையன் சௌக்கியமா என்று கேட்டேன். தந்தி வந்து நாலு நாளாகிறது என்றார். நான் அழுதுவிட்டேன். எல்லாம் என்னால்தான் என்று என்னென்னவோ உளறினேன்.

“அட, சும்மா இருங்க சாமி. உங்க பைக்குள்ளயா எம்பையன் உசுரு இருந்துச்சு?” என்று அதட்டினார்.

அதோடு நிறுத்தினேனா? இனிமேல் இந்தத் தண்ணீர் எதற்கு என்று கேட்டுத் தொலைத்தேன்.

“இனிமேத்தானுங்க உடாம ஊத்தோணும். அவனும் இப்ப வேத்து மண்ணுல கெடக்கறான். இங்க நான் நிறுத்திப்போட்டா, அங்க ஊத்தறவங்களும் நிறுத்திப்போடுவாங்களே.”

குண்டை அதே பள்ளத்தில் வைக்கச் சொல்லி, சொம்பை என் கையில் கொடுத்தார். வார்த்தேன். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தினேன். அவ்வளவு பெரிய மனசை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஆனால் மறுபடி சங்ககிரிப் பக்கம் போகவே இல்லை. அவர் முகத்தில் விழிக்க வெட்கம்.

நேற்றுத்தான் இதை என் மனைவியிடம் முழுதாகச் சொன்னேன். இன்று காலை மேசையருகே வந்து நின்று அந்தக் கறையை விரலால் தடவினாள்.

“அந்தம்மா இப்ப இருக்க மாட்டாங்க. ஏனுங்க, அப்ப அந்தப் பையனுக்கு ஆருங்க தண்ணி ஊத்தறது?”

நாளைக் காலை ரயிலுக்கு இரண்டு பேரும் கிளம்புகிறோம். சொம்பை அவளே எடுத்து வைத்துவிட்டாள்.