மைனி கழுவிய நாலு வீல்

என் மைனி, அதாவது அண்ணனின் மனைவி, ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிய ஒரு பழைய காரை வாங்கினார். வீல்களில் தாரும் செம்மண்ணும் இறுகிக் கிடந்தன.

வீல்களுக்குப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோன எங்களை, அருமனை ஊர் பெயிண்டர் நேற்று திருப்பி அனுப்பிவிட்டார். "அழுக்கு மேல அடிச்சா பெயிண்டு உரிஞ்சு போவும். புதுசு வாங்கிருங்க."

மைனி அசரவில்லை. "ஏட்டி, பிரஷ எடு" என்றார். கிணற்றடியில் உட்கார்ந்து மண்ணெண்ணெயால் தாரைக் கரைத்தோம். சோப்பு போட்டு, போல்ட் குழி வரை தேய்த்தோம்.

இன்று பெயிண்டர் வெள்ளைத் துணியால் உள்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"எந்த சர்வீஸ் சென்டர்ல குடுத்தீய?"

"எங்க கிணத்தடியில" என்றார் மைனி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வீல் பெயிண்டுக்குத் தயார். எங்கள் நகங்கள்தான் இன்னும் கறுப்பு. சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன் வேறு. நகக் கறை போக வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.