குடைக்காரி திரும்பவில்லை

பத்திரிகை அலுவலகத்தில் அவளை மைக்காரி என்றார்கள். ஞாயிறு இணைப்பில் வரும் சிறுவர் படக்கதைக்கு மை போடுவது அவள் வேலை. ஓவியர் வெளிர்நீலப் பென்சிலால் வரைந்து தருவார். அதன்மேல் அவள் கறுப்பு மையைத் தூரிகையால் இழுப்பாள். அச்சுக்குப் படமெடுக்கும் காமிராவில் அந்த நீலம் விழாது. அவள் தொட்ட கோடு மட்டும்தான் பேப்பரில் வரும்.

ஓவியருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கை நடுக்கம். பென்சிலைச் சமாளித்துவிடுவார். தூரிகை பிடித்தால் கோடு புழு மாதிரி நெளியும்.

கதையில் மூன்று பிள்ளைகள். பொத்தான் என்ற பையன், அவன் சிநேகிதன் கீச்சு, வெயிலிலும் குடை பிடித்து நடக்கும் ஒரு சிறுமி. பொத்தான் வாராவாரம் அவளிடம் எதையாவது நீட்டுவான். கூழாங்கல், பட்டம், பாதி கடித்த பிஸ்கட். குடைக்காரி திரும்பாமல் போவாள். கீச்சு பிஸ்கட்டை வாங்கித் தின்றுவிட்டு நண்பனுக்கு ஆறுதல் சொல்வான். வாசகர்கள் சிரித்தார்கள்.

அலுவலகத்திலும் சிரித்தார்கள், வேறு காரணத்துக்காக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓவியரும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள். ஒருநாள் அவர் கல்யாணம் பற்றிக் கேட்டார். அவள் முடியாது என்றாள். மறுநாளிலிருந்து அவர் அவளை ‘நீங்க’ என்றார். அதில் மரியாதை எதுவும் இல்லை. அதற்கடுத்த வாரங்களில்தான் கதைக்குள் குடைக்காரி வந்தாள். நெற்றியில் சுருள் முடி, மைக்காரிக்கு இருப்பது போலவே. வாராவாரம் அவள் தன் திமிரைத் தானே வரைந்து ஊருக்கு அனுப்பவேண்டியிருந்தது. அவள் பதிலுக்குப் பொத்தானின் மூக்கை வாரத்துக்கு ஒரு நூலளவு பெரிதாக்கினாள். அது வெங்காயம் அளவுக்கு வந்த பிறகே ஓவியர் கவனித்தார். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் அலமாரியை இழுத்துப் போட்டார். அதன் பிறகு தாள்கள் அலமாரிக்கு மேலாகப் போய் வந்தன.

அவள் கணவன் பஸ் கண்டக்டர். ஞாயிறு காலையில் பேப்பரை விரித்து, உன் ஆளு இன்னிக்கு என்ன கொண்டாந்திருக்கான் என்று கேட்பான். கல்யாணமான புதிதில் அவளும் சிரித்தாள். பிறகு பேப்பரைப் பிடுங்கினாள்.

மகள்தான் அதைச் சிரிக்காமல் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் அவள் பையில் ரப்பர், ரிப்பன், செத்த வண்ணத்துப்பூச்சி என்று எதையாவது வைத்துக்கொண்டிருந்தான். அவள் திருப்பிக் கொடுத்தால் வகுப்பே ‘வாங்கிக்கோ, வாங்கிக்கோ’ என்று மேசையைத் தட்டியது. டீச்சரிடம் சொன்னதற்கு, சின்னப் பிள்ளைங்க சிநேகம்தானே, வாங்கிக்கிட்டா குறைஞ்சா போயிடுவே என்றாராம்.

“குடைக்காரி வாங்கிக்கவே மாட்டா, இல்லம்மா?” என்று மகள் கேட்டாள்.

அத்தனை வருஷம் அந்தக் குடைக்காரியைக் கிழித்துப் போட நினைத்தவள் மைக்காரி.

அந்த மாதம் பத்திரிகை ஆசிரியர் படக்கதையை நிறுத்தப்போவதாகச் சொன்னார். அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டி வரும். அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டா சுபமா முடிஞ்சிடும், ஜனங்க கேக்கறது அதைத்தான் என்றார். ஓவியர் அன்றைக்கு மதியமே வரைந்து முடித்துவிட்டார்.

தாள் அலமாரிக்கு மேலாக வந்தது. கடைசிக் கட்டத்தில் மழை. பொத்தான் ஒரு காகிதப் பூவை நீட்டுகிறான். குடைக்காரி முகம் திருப்பிச் சிரிக்கிறாள். குடை பாதி அவன் தலைக்குமேல்.

“கன்னத்துல குழி விழணும்,” என்றது அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல். “உங்களுக்குத் தெரியாததா.”

அவள் மழைக்கு மை போட்டாள். தெருவுக்கு, கீச்சுவுக்கு, பொத்தானுக்கு, பூவுக்கு. சிரிக்கும் முகத்துக்கு வந்ததும் அதன்மேல் கறுகறுவென்று பின்தலையையும் பின்னலையும் வரைந்தாள். குடையையும் நேராக்கினாள். குடைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு கட்டத்தின் ஓரத்துக்குப் போனாள்.

ஓவியர் தாளைப் பார்த்துவிட்டு அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் அவர் வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

“இது என் கதை.”

“அவ வேண்டாம்னுட்டா.”

“நீ வேண்டாம்னே. அவளை இழுக்காதே.”

“நான் சொன்னப்பவே விட்டிருக்கணும். எட்டு வயசுப் பிள்ளையை இத்தனை வருஷமா தெருவில நிறுத்தி வம்பு பண்ணினது நீங்க.”

அவர் தூரிகையைப் பிடுங்கிக் குனிந்தார். பின்னலுக்குப் பக்கத்தில் ஒரு மூக்கு போடப் பார்த்தார். கை உதறியது. மை சொட்டி, சிறுமியின் தலை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. காமிராக்காரர் கதவைத் தட்டி, பக்கம் ரெடியா என்று கேட்டார்.

ஓவியர் தூரிகையை மேசைமேல் போட்டார். சரி பண்ணுங்க என்றார். எப்படி என்று சொல்லவில்லை. அவள் வெள்ளைப் பெயின்ட் பூசி, அது காயும்வரை ஊதி, மறுபடி பின்தலையையே போட்டாள். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காமிராக்காரர் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் திங்கட்கிழமை கேட்டார். வாசகர்கள் போனில் திட்டுவதாகவும், குறுக்கெழுத்துக்குக் கட்டம் போட மைக்காரி தேவையில்லை என்றும் சொன்னார். ஓவியர் அலமாரிக்குப் பின்னால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பையன் கொடுத்த மணிமாலையை மகள் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். பையனின் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். எறிஞ்சதுக்கு ஒரு மன்னிப்பு, கொடுத்ததுக்கு ஒரு தேங்க்ஸ், அதோட விட்டுடலாம் என்றார் டீச்சர்.

மைக்காரி மகளைக் கேட்டாள். “உனக்கு அது வேணுமா?”

“வேண்டாம்.”

“பையை எடு.”

வாசலைத் தாண்டும்போது, தாய்க்கு இருக்கற திமிர்தானே பிள்ளைக்கும் இருக்கும் என்றார் பையனின் அப்பா, காதில் விழும்படி. மகள் நின்றாள். திரும்பி அவரைப் பார்த்து நாக்கை நீட்டினாள். மைக்காரி பக்கத்தில் நின்றாள், அவள் நீட்டி முடிக்கும்வரை.