எதிர்ப்பக்கம் பேசும் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைப்பது கணவர், இஸ்திரி போடுவது அவள். கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஒப்பந்தம். இன்றுவரை யாரும் மீறவில்லை. அன்றும் சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை மடித்து விரித்து, மறுநாள் கல்லூரிக்கு உடுத்த வேண்டியதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலி நுனியில் கல்லூரி முதல்வர். கல்லூரியில் அவளை 'மேடம்' என்பவர், வீட்டுக்கு வந்தால் 'அக்கா' என்பார். இன்று வாசலிலேயே இரண்டு அக்கா போட்டுவிட்டார். விஷயம் பெரிதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அரசியல் பாடம் எடுப்பவள் அவள். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'எதிர்க்கட்சி'. அவள் வகுப்பில் யாரும் தன் கட்சியைப் பேசக்கூடாது. தனக்கு ஒவ்வாத பக்கத்துக்காகத்தான் வாதாட வேண்டும். போன வாரம், குடும்பமே ஆளுங்கட்சி அபிமானிகளான ஒரு மாணவி, புதிய சட்டத்தைக் கிழிகிழியென்று கிழித்தாள். வகுப்பே கைதட்டியது. எவனோ அதைச் செல்போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அந்த மாணவி ஏன் அப்படிப் பேசினாள் என்பது மட்டும் அதில் இல்லை. அன்றிலிருந்து கல்லூரிக்கு மேலிடத்துப் போன் ஓயவில்லை.

"பொண்ணு தானா பேசிட்டா, எனக்குச் சம்பந்தமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. அவளை நீக்கிட்டு இதோட முடிச்சிடலாம்."

"நீக்கின பொண்ணை அப்புறம் எந்தக் காலேஜ் சேர்த்துக்கும்?"

முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பேசச் சொன்னது நான். நல்லாப் பேசினான்னு மார்க் போட்டதும் நான்."

"அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லைக்கா."

பால்கனியில் வாளியோடு நின்ற கணவர் எட்டிப் பார்த்தார். "ரிட்டயராக இன்னும் ரெண்டே வருஷம். கொஞ்சம் யோசியேன்."

"நீங்க துணியைக் காயப்போடுங்க. அதுதான் உங்க இலாகா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சரி, உங்க பக்கத்தை நான் பேசுறேன். என் பக்கத்தை நீங்க பேசுங்க."

"விளையாடாதீங்கக்கா."

அவள் ஆரம்பித்துவிட்டாள். கேலி இல்லை, குத்தல் இல்லை. கல்லூரியின் அங்கீகாரம் பறிபோனால் அத்தனை பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள். ஊழியர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஒருத்திக்காக எல்லாரையும் பணயம் வைக்க முதல்வருக்கு உரிமை இல்லை. அந்த நாற்காலியின் சூடு அதில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். முதல்வர் தன்னையறியாமல் தலையாட்டினார். வழியெல்லாம் அவர் யோசித்து வைத்ததைவிட நன்றாக இருந்தது.

"இப்ப உங்க முறை தம்பி. அவளை ஏன் நீக்கக்கூடாது? சொல்லுங்க."

முதல்வர் தொண்டையைச் செருமினார். என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அவரும் பாடம் நடத்தியவர்தான். சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணை நீக்க அவருக்கே மனம் வராது.

"நாளைக்கு என் வகுப்பு உண்டு. அவளும் வருவா. அவளுக்காகவாவது பேசிட்டுப் போங்க."

முதல்வர் எழுந்தார். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே போனார்.